விழுப்புரத்தில் சர்வர், திண்டிவனத்தில் நண்பன்

விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் மரக்காணம் சாலையில் இன்னொரு வீடு. நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். மொத்தம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விழுப்புரத்துப் பையன் தன் கணினியில் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றை ஓடவிட்டிருக்கிறான். அதே வீட்டு வைஃபையில் தங்கை உள்ளே போய் விளையாடுகிறாள். திண்டிவனத்து நண்பன் முயன்றால் மட்டும் சக்கரம் சுற்றுகிறது, பிறகு ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று வந்து நிற்கிறது.

டீக்கடையில் இதைச் சொன்னால் உடனே ஒருவர், “போர்ட் ஃபார்வர்டு பண்ணுப்பா” என்பார். அதை அவன் ஏற்கெனவே செய்திருப்பான். அடுத்தவர், “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடு” என்பார். அதையும் செய்து பார்ப்பான். மூன்றாமவர், “ரவுட்டரே சரியில்ல, மாத்து” என்பார். புது ரவுட்டர் வரும், பணம் போகும், நண்பன் வெளியிலேயே நிற்பான். இந்த யோசனைகள் எல்லாமே தவறு என்று சொல்லிவிட முடியாது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் தலைகீழாகிவிட்டது.

டீ வரட்டும், வரிசையாகப் பார்ப்போம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உங்கள் வீட்டுக்கு வெளியுலகம் அறிந்த முகவரி இருக்கிறதா? இருந்தால், அந்த முகவரிக்கு வருகிறவரை உள்ளே விட வழி செய்திருக்கிறீர்களா? விட்டால், போய்வரும் பாதை ஆட்டத்துக்குப் போதுமா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் இரண்டாவதில் எத்தனை இரவு விழித்தாலும் பயன் இல்லை.

யாருடைய சர்வர்?

எல்லா ஆட்டத்துக்கும் இந்த வேலை கிடையாது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் சர்வர் நிறுவனத்துடையது. நம் போன் அதைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான். வீட்டில் எதையும் திறக்க வேண்டாம். மைன்கிராஃப்ட், டெரேரியா, வால்ஹைம், பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவை வேறு ரகம். ஆடுகிறவர்களில் ஒருவரே சர்வரை நடத்தலாம். உலகம் அவர் கணினியில் இருக்கும், மற்றவர்கள் அங்கே வந்து சேர வேண்டும்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் ‘கிரியேட் சர்வர்’ அழுத்துவார், மற்றவர்கள் பட்டியலில் பெயரைப் பார்த்துச் சேர்வார்கள். எல்லாக் கணினியும் ஒரே சுவிட்ச்சில் கேபிளால் கோத்தவை என்பதால் முகவரிப் பிரச்சினையே எழவில்லை. இன்றும் மைன்கிராஃப்டில் உள்ள ‘ஓப்பன் டு லேன்’ பொத்தான் அவ்வளவுதான் செய்யும்: ஒரே வீட்டு நெட்வொர்க்குக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அழைப்பு. தங்கைக்கு வேலை செய்து நண்பனுக்குச் செய்யாததன் காரணமும் இதுதான்.

ஒரே கதவிலக்கம், பல குடித்தனம்

உங்கள் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். அநேகமாக 192.168 என்று தொடங்கும். 10 என்று தொடங்கலாம், 172.16 முதல் 172.31 வரையிலும் இருக்கலாம். இந்த மூன்று தொகுதிகளையும் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று 1990-களிலேயே ஒதுக்கி வைத்தார்கள். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 உண்டு, பக்கத்து வீட்டிலும் உண்டு, பெர்லினில் ஒரு வீட்டிலும் உண்டு. அதனால்தான் அந்த எண்ணை நண்பனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிப் பயனில்லை. அவன் அதைத் தட்டினால் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பான்.

ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரே கதவிலக்கம், உள்ளே ஏழெட்டுக் குடும்பம். உள்ளிருந்து யார் கடிதம் போட்டாலும் அனுப்புநர் முகவரியில் அந்த ஒரே இலக்கம்தான் போகும். வாசலில் இருக்கிற வீட்டுக்காரர், யார் யாருக்கு எழுதினார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்த்துவிடுவார். ஆனால் யாரும் எழுதாமல், முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால்? எந்தக் குடித்தனத்துக்கு வந்தவர் என்று தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். இந்த வீட்டுக்காரர் வேலையைத்தான் ரவுட்டர் செய்கிறது. அதற்குப் பெயர் நாட். ‘25565 என்ற போர்ட் எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் மூன்றாவது குடித்தனத்துக்கு அனுப்பிவிடு’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

இதுவரை சரி. இப்போது அந்த வீட்டுக்காரருக்கே சொந்தக் கதவிலக்கம் இல்லை, தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே இலக்கம்தான், தெருமுனையில் இன்னொருவர் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறார் என்றால்? நீங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிவைத்தாலும், விருந்தாளி தெருமுனையிலேயே திரும்பிவிடுவார். இணைப்பு தரும் நிறுவனத்தில் நடக்கும் இந்த இரண்டாவது நாட்டை சிஜிநாட் என்பார்கள். இன்று பல வீட்டு இணைப்புகளும், ஏறக்குறைய எல்லா மொபைல் டேட்டாவும் இதற்குப் பின்னால்தான் இருக்கின்றன.

காரணம் எளிய கணக்கு. பழைய ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். எவ்வளவு சிக்கனமாகப் பங்கிட்டாலும் சுமார் 429 கோடிக்கு மேல் தேறாது. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசிப் பகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிட்டு முடித்தார்கள். இரண்டே மாதத்தில், ஏப்ரலில், ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு அடிமட்டத்தைத் தொட்டது. உலகில் முதலில் வறண்டது நம் வட்டாரம்தான். நம் ஊர்களில் மலிவு டேட்டாவும் வீட்டு ஃபைபரும் பரவியது அதற்குப் பிறகு. பந்தி முடிந்தபின் வந்த கூட்டத்துக்கு இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கத்தான் சிஜிநாட். அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை 2012-இல் தனியாக ஒதுக்கினார்கள்.

முதல் சோதனை

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், ஜியோவின் வீட்டுப் பெட்டிகளில் 192.168.29.1. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் எழுதியிருக்கும். உள்ளே ‘ஸ்டேட்டஸ்’ பகுதியில் ‘வான் ஐபி’ என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையிலிருந்து, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து அது சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றென்றால் வீட்டுக்குச் சொந்த முகவரி இருக்கிறது, மேலே போகலாம். வேறு வேறு என்றால், ரவுட்டரில் உள்ள எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் சிஜிநாட் என்பதில் சந்தேகமில்லை. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று இருந்தால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்: கேபிள்காரர் வைத்த ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டர், அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். நாட் இரண்டு முறை நடக்கிறது. ஃபைபர் பெட்டியை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரை வெறும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக்கிவிடுங்கள். பிரிட்ஜ் ஆக்கினால் இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டியிருக்கும். அவற்றை முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கேபிள்காரர் போனை எடுக்காத நாளில் அந்தச் சீட்டின் அருமை தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்துக்கும் இடம் உண்டு. டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவியிருந்தால் அதுவும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கொடுக்கும். அதைப் பார்த்து சிஜிநாட் என்று முடிவுகட்டக் கூடாது. பார்க்க வேண்டியது ரவுட்டரின் வான் ஐபியை மட்டுமே.

முகவரி இல்லாத வீட்டுக்கு வழிகள்

சிஜிநாட் என்று தெரிந்துவிட்டால் போர்ட் ஃபார்வர்டு பக்கத்தை மூடிவிடலாம். அதனால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று பொருளில்லை.

முதல் வழி, பணம் கொடுத்து நிலையான பொது ஐபி வாங்குவது. பிஎஸ்என்எல் உட்படப் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தில் தருகின்றன. கடைக்கும் அலுவலகத்துக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே இப்படித்தான் வாங்குகிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் ஆடுகிற நாலு பேருக்கு இது அதிகச் செலவு.

இரண்டாவது வழி ஐபிவி6. இதன் முகவரி 128 பிட் நீளம், பற்றாக்குறை என்ற பேச்சே கிடையாது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பொது முகவரி கிடைக்கும், ஒண்டுக்குடித்தனம் தேவையில்லை. இதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ, முதல் நாளிலிருந்தே ஐபிவி6-ஐ நம்பிக் கட்டப்பட்ட வலையமைப்பு. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கணினியில் ஐபிவி6 முகவரி 2 என்ற இலக்கத்தில் தொடங்கினால் அது வெளியுலகம் அறிந்த முகவரி. எஃப்இ80 என்று தொடங்குவது உள்வீட்டுக்கு மட்டுமானது, அதை அனுப்ப வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள். ரவுட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் ஐபிவி6 அழைப்புகளை இயல்பாகத் தடுத்து வைத்திருக்கும், அதில் ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி எழுத வேண்டும். நிறுவனம் கொடுத்த சில பெட்டிகளில் அந்த வசதியே இருக்காது. நண்பன் வீட்டிலும் ஐபிவி6 இருந்தாக வேண்டும், இல்லையேல் இருவரும் சந்திக்க முடியாது. கடைசியாக, மைன்கிராஃப்டில் இந்த முகவரியைத் தட்டும்போது சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, அதன் பிறகுதான் முக்காற்புள்ளியும் போர்ட் எண்ணும் சேர்க்க வேண்டும். முகவரிக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் இருப்பதால் இந்த ஏற்பாடு.

மூன்றாவது வழிதான் நாலைந்து நண்பர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்றவற்றை ஆளுக்கு ஆள் நிறுவிக்கொள்வது. இரண்டு வீடுகளும் நடுவிலுள்ள ஒரு சர்வரை வெளியே அழைக்கின்றன. வெளியே அழைப்பதை எந்த நாட்டும் தடுப்பதில்லை. அந்த நடுவர், ஒருவரின் முகவரியை மற்றவருக்குச் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். தான் எழுதிய கடிதத்துக்குப் பதில் என்றெண்ணி இரு பக்கத்து வாசலும் விட்டுவிடுகிறது. இது கைகூடாவிட்டால் எல்லாத் தரவுப் பொட்டலங்களும் நடுவர் வழியாகவே போகும், வேகம் சற்றுக் குறையும். எப்படியானாலும் விழுப்புரமும் திண்டிவனமும் ஒரே பிரவுசிங் சென்டருக்குள் வந்துவிட்டதுபோல் மென்பொருள் நம்பும். வெளியார் யாருக்கும் எதுவும் திறந்திருக்காது என்பது கூடுதல் லாபம். ஒவ்வொருவரும் நிறுவ வேண்டும் என்பது மட்டும் சிரமம்.

முகம் தெரியாத பலர் வந்து ஆடும் சர்வர் வேண்டுமென்றால், பிளேஇட் போன்ற சுரங்கச் சேவைகள் ஒரு பொது முகவரியைத் தந்து, அங்கு வருபவர்களை உங்கள் வீட்டுக்குத் திருப்பிவிடும். அல்லது மும்பையில் உள்ள கிளவுட் சர்வரை மாத வாடகைக்கு எடுத்துவிடலாம். அப்போது வீட்டு நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம்.

முகவரி உண்டென்றால்

இப்போதுதான் போர்ட் வேலை. முதலில் சர்வர் ஓடும் கணினிக்கு உள்வீட்டு முகவரியை நிலையாக்குங்கள். ரவுட்டரில் ‘டிஹெச்சிபி ரிசர்வேஷன்’ என்ற இடத்தில், கணினியின் மேக் முகவரியைக் கொடுத்து, இதற்கு எப்போதும் 192.168.1.50 என்பதுபோல் எழுதிவிடலாம். இதைச் செய்யாவிட்டால் மின்சாரம் போய் வந்த மறுநாள் அந்த எண் அப்பாவின் போனுக்குப் போயிருக்கும். நேற்று ஓடிய சர்வர் இன்று ஓடாததன் காரணம் பல வீடுகளில் இதுதான்.

அடுத்து, போர்ட் ஃபார்வர்டு விதி. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு 25565 டிசிபி. பெட்ராக் பதிப்புக்கு 19132 யுடிபி. கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு 27015 யுடிபி. டெரேரியாவுக்கு 7777 டிசிபி. வால்ஹைமுக்கு 2456-இல் தொடங்கும் யுடிபி போர்ட்டுகள். எண் சரியாக இருந்து டிசிபி, யுடிபி மாறிப்போனாலும் வேலை நடக்காது. டிசிபி ஒவ்வொரு பொட்டலமும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு, சேராததைத் திரும்ப அனுப்பும். யுடிபி அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அரை விநாடிக்கு முந்தைய துப்பாக்கிக் குண்டின் இடத்தைத் திரும்பக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பதால் சண்டை ஆட்டங்கள் யுடிபியை விரும்புகின்றன.

ரவுட்டர் விட்டாலும் விண்டோஸ் விட வேண்டும். சர்வரை முதன்முதலில் ஓடவிட்டபோது, ஜாவாவை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்டிருக்கும். அவசரத்தில் ‘கேன்சல்’ அழுத்தியிருந்தால் விண்டோஸ் அதைத் தடையுத்தரவாகவே எழுதி வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. ஃபயர்வால் பட்டியலில் போய் ஜாவாவுக்கான தடை விதியை நீக்குவதே சரியான வழி. ஃபயர்வாலையே அணைப்பது வேண்டாம். ரவுட்டரில் ‘டிஎம்இசட்’ என்றொரு வசதி கண்ணில் படும். அதில் கணினியைப் போட்டால் ஒரு போர்ட்டுக்குப் பதில் அத்தனை போர்ட்டுகளும் அதன் மேல் வந்து விழும். அதையும் தொடாதீர்கள்.

சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்ய வேண்டாம். உள்ளிருந்துகொண்டே தன் வெளி முகவரியை அழைத்தால் பல ரவுட்டர்கள் விழிக்கும். சரியாக இருப்பதும் தவறாகத் தெரியும். ஒரு லேப்டாப்பை மொபைல் டேட்டாவில் இணைத்துப் பாருங்கள், அல்லது திண்டிவனத்துக்குப் போன் போடுங்கள். இணைப்பு அறுந்து வரும்போதெல்லாம் வெளி முகவரி மாறினால், டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் ஒரு பெயர் வாங்கி, அந்தப் பெயர் எப்போதும் புது எண்ணைக் காட்டும்படி செய்துவிடலாம்.

40 கிலோமீட்டரா, 2,900 கிலோமீட்டரா?

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு மில்லிவிநாடியில் 200 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்ப அரை மில்லிவிநாடிகூட ஆகக் கூடாது. ஆனால் பொட்டலம் மயிலம் வழியாக நேரே போவதில்லை. உங்கள் நிறுவனத்தின் பெரிய நிலையத்துக்கு, இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சென்னைக்கு, போய்த்தான் திரும்பும். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160, அங்கிருந்து திண்டிவனம் சுமார் 125. நேர்கோட்டுக்கு ஏழு மடங்கு தூரம் என்றாலும், போய்வர மூன்று மில்லிவிநாடிதான். கவலை இல்லை.

இரண்டு வீட்டிலும் வேறு வேறு நிறுவனம் என்றால் அந்த இரண்டும் எங்கே கைகோக்கின்றன என்பது முக்கியம். உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சுற்றி வரக் கூடாது என்பதற்காகவே 2003-இல் நிக்ஸி என்ற அமைப்பு உருவாகி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் சந்திப்பு மையங்கள் வந்தன. இரு நிறுவனங்களும் சென்னையிலேயே சந்தித்தால் நல்லது. மும்பையில்தான் சந்திக்கின்றன என்றால், விழுப்புரத்துப் பொட்டலம் மும்பை போய்த் திண்டிவனம் வர ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போக 15, வர 15, ஆக ஒளியின் பயணத்துக்கு மட்டும் 30 மில்லிவிநாடி. நடுவிலுள்ள கருவிகளின் தாமதம் தனி.

உங்கள் பாதை எது என்று பார்க்க விண்டோஸில் ‘டிரேசர்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. வரும் பெயர்களில் எம்ஏஏ என்று கண்டால் சென்னை, பிஓஎம் என்று கண்டால் மும்பை. பல வலையமைப்புகளில் கருவிகளுக்கு விமான நிலையக் குறியீட்டை வைத்தே பெயர் சூட்டுகிறார்கள்.

இந்த 30 மில்லிவிநாடி எல்லா ஆட்டத்தையும் கெடுக்காது. மைன்கிராஃப்ட் சர்வர் விநாடிக்கு 20 முறைதான் உலகைப் புதுப்பிக்கிறது, அதாவது 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. அதற்குள் 30 அடங்கிவிடும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் விரல் பழகியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே நிறுவனத்தின் இணைப்புக்கு இருவரும் மாறினால் மும்பைப் பயணம் பெரும்பாலும் மிச்சமாகும்.

வேகத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் வரும் பதிவிறக்க எண் இங்கே உதவாது. சர்வர் நடத்துகிறவர் அனுப்புகிறவர், ஆகவே பதிவேற்ற வேகம்தான் கணக்கு. அதுவும் பெரிதாகத் தேவைப்படாது, மைன்கிராஃப்டில் ஓர் ஆளுக்குப் பொதுவாக ஒரு எம்பிபிஎஸ்கூட ஆகாது. தடங்கல் வருவது வேறு காரணத்தால். அக்கா கல்யாண வீடியோவைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் ரவுட்டரில் பொட்டலங்கள் வரிசைகட்டி நிற்கும், ஆட்டத்தின் சிறிய பொட்டலமும் அதன் பின்னால் காத்துக் கிடக்கும். ரவுட்டரில் ‘கியூஓஎஸ்’ இருந்தால் சர்வர் கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லாவிட்டால் அக்காவிடம் நேரம் பேசிக்கொள்ளுங்கள். சர்வர் கணினியை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணைப்பது, வேக பிளானை உயர்த்துவதைவிட அதிகப் பலன் தரும்.

இன்னொன்று மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நமக்குப் பழக்கம்தான். ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது, அதற்கென்றே சின்ன பேட்டரி யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. கணினியின் பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக எழும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே வெள்ளம் பாலத்தை எட்டி ரயில்களே நின்றன. அப்படிப்பட்ட நாளில் உங்கள் வீட்டு பேட்டரி ஓடினாலும், தெருவுக்கு ஃபைபர் பிரித்துக் கொடுக்கும் கருவிக்குக் கரண்ட் இருக்க வேண்டும். சர்வர் உலகத்தின் நகலை வாரம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்து வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

திறந்து வைத்தால் யார் வருவார்கள்?

நண்பனுக்காகத் திறந்த போர்ட்டை உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கும். அதற்கென்றே இணையத்தை இரவும் பகலும் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. இதில் மைன்கிராஃப்டுக்கு ஒரு தனி வரலாறே உண்டு.

2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பல லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின் மீது மிராய் வகைப் படை ஒன்று பாய்ந்தபோது அமெரிக்காவில் பெரிய தளங்கள் பலவும் முடங்கின. ஏதோ பகை நாட்டின் சதி என்று பேசினார்கள். மிராயை உருவாக்கியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் சர்வர்களை நடத்திக் காசு பார்க்கும் தொழிலில், போட்டி சர்வர்களை முடக்குவதிலிருந்து கிளைத்த வேலை அது. 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

2021 டிசம்பரில் இன்னொன்று. லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. அரசுகளும் வங்கிகளும் பதறின. அதன் வீரியத்தை ஊருக்கு முதலில் காட்டியது மைன்கிராஃப்ட் சாட் பெட்டி: குறிப்பிட்ட வடிவில் ஒரு வரி தட்டினால் போதும், சர்வர் கணினியில் எதிரி விரும்பியதை ஓடவிடலாம் என்ற நிலை. அன்று சர்வரைப் புதுப்பிக்காமல் விட்ட வீடுகள் ஆபத்தில் இருந்தன.

ஆகவே போர்ட் திறப்பதற்கு முன் நாலு காரியம். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ‘அட்மின், அட்மின்’ என்றே விட்டிருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சர்வரில் ‘ஒயிட்லிஸ்ட்’ போட்டு, பெயர் கொடுத்தவரை மட்டும் விடுங்கள். ‘ஆன்லைன் மோட்’ அமைப்பை அணைக்காதீர்கள், அணைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரிலேயே உள்ளே வரலாம். சர்வரையும் ஜாவாவையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ஆடாத நாளில் போர்ட் விதியை ரவுட்டரில் நிறுத்தி வைத்தாலும் குறைவொன்றும் இல்லை.

வீட்டுப் பெரியவர்கள், “ஆன்லைன் கேமுக்குத்தான் தடை போட்டாச்சே?” என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் குறிவைத்தது இணையச் சூதாட்டத்தையும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையும். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வதும் பண ஆட்டங்களைத்தான். காசு எதுவும் கட்டாமல் நாலு நண்பர்கள் சேர்ந்து கட்டை அடுக்கி வீடு கட்டுவது அதில் வராது.

கேபிள்காரரிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் ஒரே இரவில் செய்ய வேண்டியதில்லை. நண்பர்கள் நாலைந்து பேர்தான் என்றால் டெயில்ஸ்கேலோ ஜீரோடியரோ போட்டுவிட்டு ஆடத் தொடங்குங்கள், மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் பிளானைப் புதுப்பிக்கும்போதோ புது இணைப்பு எடுக்கும்போதோ, ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பொது ஐபி கிடைக்குமா, சிஜிநாட்டா? நிலையான ஐபிக்கு மாதம் எவ்வளவு கூடுதல்? ஐபிவி6 உண்டா, உங்கள் பெட்டியில் அதற்கு ஃபயர்வால் அனுமதி எழுத முடியுமா? பிரிட்ஜ் முறை போட்டுத் தருவீர்களா? பதிவேற்ற வேகம் எவ்வளவு?

பல சமயம் வந்திருப்பவருக்கு உடனே பதில் தெரியாது, அலுவலகத்துக்குப் போன் போட்டுத்தான் சொல்வார். போடட்டும். வாடிக்கையாளர் யாரும் கேட்காததால்தான் இந்த விவரங்கள் பிளான் அட்டையில் அச்சாவதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருவுக்கு ஒருவர் கேட்கத் தொடங்கினால், அடுத்த அட்டையில் எம்பிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேரும்.